ஷெவர்லேயின் இடது மட்கார்டு

ஞாயிற்றுக்கிழமை மியூசியம் திறப்பு விழா. ருபேன் வராவிட்டால் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை என் கணவர் வில்மர் அடம் பிடித்தார். அறுபத்தெட்டு வயதில் அடம். எங்கள் ஊர் கார்மேலோ முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. நகராட்சிக்காரர்கள் பழைய கம்பளிக் கிடங்கின் உள்ளே சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது வருடமாக அவர் சேர்த்த பதினான்கு கார்கள். ஏதேதோ பண்ணைக் கொட்டகைகளில் கோழி முட்டையிடும் கூடாகக் கிடந்தவை. இப்போது அவற்றில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

பிரச்சினை பதினோராவது கார். ஐம்பத்தொன்றாம் வருடத்து நீல ஷெவர்லே. அது ருபேனுடையது. வில்மரும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். மனைவி செல்வா இறந்த பிறகு, தினமும் அந்தக் காரைப் பார்க்க முடியவில்லை என்று அவரே அதை வில்மரிடம் கொண்டுவந்து விட்டார். நல்லா பாத்துக்கோ என்று மட்டும் சொன்னார்.

இவரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். நான்கு மாதம் பட்டறையில் போட்டுத் துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பின்பக்க இடது மட்கார்டில் இருந்த ஒடுக்கையும் தட்டி எடுத்துவிட்டார். அது செல்வா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எங்கள் வாசல் தூணில் இடித்து விழுந்த ஒடுக்கு. பழைய கார் பைத்தியங்களுக்கு ஒடுக்கு என்றால் தட்டி எடுக்க வேண்டியது, அவ்வளவுதான் தெரியும்.

ருபேன் வந்து, வழவழவென்றிருந்த மட்கார்டைத் தடவினார். வில்மர் நீட்டிய மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக் குடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றார். எங்கள் ஊரில் மாத்தேக்கு நன்றி சொன்னால், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். அதோடு பதினோரு வருடம் ஆயிற்று. எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவார். அவ்வளவுதான்.

வில்மர் மூன்று முறை போய் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "எடுத்த ஒடுக்க எப்படிக் கெழவி திரும்ப வெக்கறது?" என்று என்னிடம் புலம்புவார். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏனென்றால் அன்று தூணில் இடித்தது நான். செல்வா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தால் வில்மர் என்னைக் கார் பக்கமே விடமாட்டார் என்று, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் மகராசி.

சனிக்கிழமை மதியம் வில்மர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்தேன். ஷெவர்லே முதல் திருகலிலேயே கிளம்பியது. மனுஷன் வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். தூண் அங்கேயேதான் நின்றது. ரிவர்ஸ் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினேன்.

சத்தம் கேட்டு வில்மர் பனியனோடு ஓடி வந்தார். மட்கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூணடியிலேயே உட்கார்ந்து அழுதார். பெயிண்டுக்காக அழுதாரா எனக்காக அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரை அப்படியே விட்டுவிட்டு ருபேன் வீட்டுக்கு நடந்தேன். நாளைக்கு வந்து இடது மட்கார்டைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே காரைக் கிடங்கில் பழைய இடத்தில் விட்டுக் கயிற்றையும் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஊரே வாசலில் நின்றது. பத்தேகாலுக்கு ருபேன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வில்மர் கதவைத் திறந்தார். ருபேன் பலகையைச் சட்டை செய்யாமல் கயிற்றைத் தாண்டிப் போய், ஒடுக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"பழசவிட ரெண்டு வெரக்கடை மேல ஏறிடுச்சு" என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ருபேன், அப்பவும் இடிச்சது நான்தான். செல்வா இல்ல."

வில்மர் வெடுக்கென்று திரும்பினார். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"தெரியும்" என்றார் ருபேன். "அன்னிக்கே சொல்லிட்டா. நீ கண்ண மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுத்தத நடிச்சுக் காட்டி, சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் பொரையேறிடுச்சு. இந்த ஒடுக்கப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேக்கும்."

வில்மர் மாத்தே ஊற்றி நீட்டினார். ருபேன் அடிவரை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் நன்றி சொல்லவில்லை. வில்மர் மறுபடியும் ஊற்றினார்.