முழங்கை

"தொண்ணூற்றெட்டு" என்றார் பயிற்சியாளர். பந்தின் வேகம் காட்டும் ஸ்பீட் கன் அவர் கையில் இருந்தது. மணிக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டராவது வேண்டும். முகம்மது ரிபாய் அந்த எண்ணைத் தாளில் எழுதவில்லை. பேனாவை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான்.

அல் குசைஸில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு மண் மைதானம். ஞாயிறு காலை ஏழரைக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. ஒரு பேஸ்பால் அணிக்கு, ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் மட்டும் இறங்கி எறிய ஆள் தேவைப்பட்டது. விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கும் ரிபாயிடம், லேபர் கேம்ப் கிரிக்கெட்டில் தேடிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரைக் கொண்டுவந்தான். ஒருவரும் தேறவில்லை. ஐந்தாவது ஆள் அம்மையப்பன், முசஃபாவில் சாரம் கட்டுகிறவன். இந்த மாதக் கடைசியோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனி ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டது. அணி எடுத்துக்கொண்டால் விசா மாறும், இங்கேயே இருக்கலாம். இன்று இல்லையென்றால் பிறகு இல்லை.

பந்து பிடிக்கக் குந்தியிருந்த ஹசன் அலி, கடையின் பிக்கப் டிரைவர், கையுறையைத் தட்டினான்.

"என்ன மாப்ள, கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறியா? இதுக்கு வெறுங்கையே போதுமே."

அம்மையப்பன் சிரிக்கப் பார்த்தான். ரிபாய் அவனிடம் போனான்.

"கையை மடக்கி எறி தம்பி. இது பௌலிங் இல்ல. கல்லெறியிற மாதிரி."

"மடக்கித்தான் பாய் கொண்டுபோறேன். பாதியில தானா நேராயிருது."

"எப்படி நேராவும்?"

"ரெண்டு வருசம் பைப்பு கட்டிப் பழகுன கை பாய்."

பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, முழங்கையின் இரு பக்கமும் வைத்து, கேபிள் டை போட்டு இறுக்கி, டூட்டி முடிந்ததும் கேம்ப் மதிலில் தினம் ஐம்பது பந்து. அம்மையப்பன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

எதற்காகக் கட்டினான் என்று ரிபாய் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் முசஃபாவில் ஒரு டென்னிஸ் பந்துப் போட்டி. ரிபாய் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நடுவர். கடைசி ஓவரில் அம்மையப்பனின் முதல் பந்து ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போனது. கிரிக்கெட்டில் கூடாதபடி முழங்கை மடங்கி விரிந்ததை ரிபாய் பார்த்தான். நோ பால் கொடுத்தான். அடுத்ததற்கும் கொடுத்தான். அதற்கடுத்ததற்கும். கேப்டன் பந்தை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தான். அன்றிலிருந்து கேம்ப்பில் அம்மையப்பனுக்கு 'மாங்கா' என்று பெயர். மாங்காய்க்குக் கல் விடுவதுபோல எறிகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்.

பேஸ்பாலுக்கு ஆள் வேண்டுமென்றதும் ரிபாய்க்கு முதலில் நினைவு வந்தது அந்த முழங்கைதான். கடைசியாகத்தான் கூப்பிட்டான்.

பயிற்சியாளர் மூன்று விரல் காட்டினார். இன்னும் மூன்று பந்து. ஒன்பது மணிக்கு அவர் ஷார்ஜாவில் இருக்க வேண்டும்.

முதல் பந்து மண்ணில் குத்தி எழும்பாமல் உருண்டது. ஹசன் அலி எழுந்து ஓடினான். எடுத்துத் திருப்பி எறிந்தான்.

"அன்னைக்கு மொத பாலு மாங்காதான்" என்றான் ரிபாய். "அதை நான் பார்த்தேன். மத்த ரெண்டையும் பார்க்கல."

அம்மையப்பன் பந்தின் தையலைக் கட்டைவிரலால் தடவினான்.

"தெரியும் பாய். ஃபோனை நோண்டிக்கிட்டிருந்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"சண்டை போட்டா பந்து தருவாங்களா? கை நேராயிட்டா யாரும் எதுவும் சொல்ல முடியாதுல்ல."

ரிபாய் பழைய இடத்துக்குப் போய், பயிற்சியாளர் கேட்டிருந்த வீடியோவுக்காகச் செல்போனைப் பிடித்தான். இரண்டாவது பந்து. கை தலைக்குப் பின்னால் மடங்கியது. அந்த நொடியில் அம்மையப்பனின் கண் பக்கவாட்டில் திரும்பியது. திரையில் அவன் நேராக ரிபாயைப் பார்த்தான். கை பாதியிலேயே நேராக நீண்டது.

"நூற்றொன்று" என்றார் பயிற்சியாளர்.

வீடியோவில் முழங்கை தெரிய வேண்டுமென்று ரிபாய் பக்கவாட்டில் நின்றிருந்தான். அன்று நடுவராக நின்ற அதே பக்கம். ஏறக்குறைய அதே தூரம். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருந்தான்.

செல்போனைப் பைக்குள் போட்டான்.

"வீடியோ?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

"வீடியோ மாஃபி. இல்ல."

அம்மையப்பனின் முதுகுக்குப் பின்னால் நடந்து, மைதானத்தின் ஓரச் சுவர் வரைக்கும் போனான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"போடு தம்பி. நான் பார்க்கல."

 தூரத்தில் ஒரு லாரி பின்னுக்கு வரும் பீப் ஒலி. பிறகு காலணி மண்ணைக் கிழித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். கையுறையில் பந்து விழும் ஓசைக்காக ரிபாய் காத்திருந்தான். வந்தது வேறு ஓசை. எதிர்க் கிடங்கின் தகர ஷட்டர் மேலிருந்து கீழ்வரை அதிர்ந்தது. "யா அல்லா" என்றான் ஹசன் அலி, தரையில் குப்புற விழுந்தவனின் குரலில்.

ஷட்டர் அடங்க நேரம் பிடித்தது. அதுவரை பயிற்சியாளர்கூட ஸ்பீட் கன் காட்டிய எண்ணைச் சொல்லவில்லை.