திரைச்சீலை வெளியே பறந்த காரணம்

மார்ச் மாதத்து இரண்டாவது புதன்கிழமை முதல், நான்காம் தெருவில் பம்பு ஆபரேட்டர் வீட்டு மாடிப் படுக்கையறைத் திரைச்சீலை காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஜன்னலுக்கு வெளியேதான் பறந்தது. நீல நிறம், ஓரத்தில் லேசான சாயம் போனது, தள்ளுபடியில் வாங்கியது. அதற்கு முந்தைய ஞாயிறன்று அந்த வீட்டுக்காரர் தற்குறிப்பேற்ற அணியில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது.

மேற்பார்வையாளர் ஆக வேண்டுமென்றால் மொழித் தாள் ஒன்று எழுத வேண்டும் என்று குடிநீர்த் துறை அறிவித்திருந்தது. அதனால் ஞாயிறுதோறும் பதினான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஆரம்பப் பள்ளியின் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு இருபத்தாறு வயது. உவமையும் உருவகமும் சிரமமில்லாமல் போயின. உயர்வு நவிற்சியைச் சொன்னதும், "எங்க வீட்டுல பேச்சே இதுதான் டீச்சர்" என்றார் மீட்டர் ரீடர். நான்காவது வாரம் தற்குறிப்பேற்றம் வந்தது. இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் புலவன் தன் கற்பனைக் காரணத்தை ஏற்றிச் சொல்வது. மழை தன் பாட்டுக்குப் பெய்கிறது. அழுகிறவளின் கண்ணீர் யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் பெய்தது என்று சொன்னால் அது இந்த அணி. பம்பு ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவந்த வேலைக்குப் பெயர் இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பம்பு நிலையப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: நேரம், நிகழ்வு, காரணம். காரணக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். காரணம் தெரியாத நாட்களில் அவர் "மோட்டாருக்குக் களைப்பு" என்று எழுதிவைப்பார், யாரும் கேட்டதில்லை. அதே பக்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. எழுதியவர் தான் எழுதியதைத் தானே அடிக்கக் கூடாது. வேறொருவர் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுப் பாடமாகப் பத்து உதாரணங்கள் எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். பம்பு ஆபரேட்டர் பழக்க தோஷத்தில் நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரம் பின்தங்குகிறது, மச்சான் வரட்டும் என்று காத்திருப்பதால். பம்பின் அழுத்தமானி முள் நடுங்குகிறது, அதிகாரியைக் கண்ட கூச்சத்தால். இப்படி ஆறு எழுதினார். அந்த வாரம்தான் ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் அவர் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சைக்குத் தேதியும் கொடுத்திருந்தார். மனைவி சாதாரணமாகத்தான் இருந்தாள். பயந்தது இவர்தான், அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பயம் கையில் இறங்கி ஏழாவதாக இப்படி எழுதியது: திரைச்சீலை ஜன்னலுக்கு வெளியே பறக்கிறது, என் மனைவிக்குப் போகும் வழியைக் காட்டுவதற்காக. மிச்சம் மூன்றையும் எழுதி முடித்தார். ஞாயிறன்று டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு, சிவப்பு மையில் "மிக அருமை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை கடிகாரம் நின்றது. மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றிய நொடியில் மறுபடி ஓடியது. அழுத்தமானி முள் அதிகாரியைப் பார்த்ததும் பூஜ்யத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். திரைச்சீலைதான் சிரிக்க விடவில்லை. அவர் கொக்கி போட்டுக் கட்டினார், கொக்கி கழன்றது. ஜன்னலைச் சாத்தினார், துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தது. பிறகு மனைவியின் சீப்பு மேசையிலிருந்து ஜன்னல் பக்கம் நகர ஆரம்பித்தது. அவள் செருப்பு தினமும் காலையில் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் எடை வாரத்துக்கு ஒரு கிலோ குறைந்தது. அவர் ஏழாவது வரியை அடித்துத் திருத்திப் பார்த்தார். மை காய்ந்ததும் கோடு மறைந்தது, வரி மட்டும் நின்றது. டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், எனக்கு மார்க்கைக் குறைச்சுடுங்க. அந்த ஏழாவதுக்கு முட்டை போடுங்க."

அந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் அவர்தான். "அது வெறும் அணிதான் சார்" என்றார் டீச்சர். மார்க் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, இனி யார் நினைத்தாலும் திருப்ப முடியாது.

மனைவியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை அன்று, பச்சை அங்கி போட்ட மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் நோட்டை எடுத்து நீட்டினார். அவள் ஏழாவது வரியைப் படித்தாள்.

"அதான் சீப்பு ஓடுதா? ஏங்க, பயமா இருந்தா பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? நோட்டுல எழுதி டீச்சர்கிட்ட காட்டுவாங்களா?"

"அடிச்சுப் பார்த்தேன்மா. நிக்க மாட்டேங்குது."

"நீங்க எழுதினதை நீங்க அடிச்சா எப்படி நிக்கும்? இருபத்திரண்டு வருஷமா எனக்கே அந்த விதி மனப்பாடம்." நர்ஸ் நாற்காலியைத் தள்ளத் தொடங்கிவிட்டார். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நான் வெளிய வர்ற வரைக்கும் எதுக்கும் காரணம் எழுதாதீங்க. வந்து நான் பார்த்துக்கறேன்."

அதன்பின் வந்த மூன்றேமுக்கால் மணி நேரம் அவர் வாழ்க்கையிலேயே நீளமானது. பத்து ஐந்துக்குக் கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. பதினொன்றே காலுக்கு லிஃப்ட் ஆளில்லாமல் வந்து திறந்து, யாருக்காகவோ காத்திருந்து, மூடியது. பன்னிரண்டுக்கு எதிரே இருந்த காலி நாற்காலி ஓரடி கதவுப் பக்கம் நகர்ந்தது. அவர் நேரம் எழுதினார், நிகழ்வு எழுதினார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாகவே தாளைத் தொடப் பார்த்தது. லிஃப்ட் யாரை அழைத்துப் போக வந்தது என்று மனம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் பெருக்கல் வாய்பாட்டை முணுமுணுத்தார். பதினாறாம் வாய்பாடு தீர்ந்ததும் வலது கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய காரணக் கட்டம் காலியாக இருந்தது.

மனைவி பிழைத்துக்கொண்டாள். கழுத்தில் கட்டு, இரண்டு நாள் பேசக் கூடாது. கண் விழித்ததும் கையை நீட்டி நோட்டை வாங்கினாள். ஏழாவது வரியின் காரணத்தை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: நான் எப்போது வீடு திரும்புவேன் என்று எட்டிப் பார்ப்பதற்காக. கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டாள். விளக்கு, லிஃப்ட், நாற்காலி மூன்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரு அடைப்புக்குறி போட்டு "சும்மா" என்று எழுதினாள். மை காய்ந்தது. எதுவும் மறையவில்லை. அவர் வார்டில் எல்லோர் எதிரிலும் வாய்விட்டு அழுதார்.

தேர்வில் தற்குறிப்பேற்றக் கேள்வியைத் தொடாமலே விட்டார், இரண்டு மார்க் உபரியில் தேறினார். மேற்பார்வையாளர் ஆன பிறகு பதிவேட்டில் "சும்மா" என்ற காரணத்தையும் அனுமதித்தார். அதற்காக வந்த மெமோக்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. திரைச்சீலை அவள் வேலைக்குப் போனதும் வெளியே பறக்கும், வந்ததும் உள்ளே தொங்கும். அவள் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்க வருபவர்கள் கதவைத் தட்டுவதில்லை, ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

பதினொரு வருடம் கழித்து ஒரு மாலை, ரொட்டித் தொழிற்சாலை பஸ் வழியில் பழுதாகி அவள் வர இரண்டு மணி நேரம் தாமதமானது. திரைச்சீலை வளையங்கள் பிய்கிற அளவுக்கு ஜன்னலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு நின்றது. அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எதையும் நினைக்காமலிருக்க வாய்பாடு சொல்லியபடி, பாதி உடம்பு வெளியே தெரிய அவரும் நின்றார். பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. தெருமுனையில் அவள் திரும்பியதும் துணி சட்டென்று தளர்ந்து அவர் தலைமேல் விழுந்தது. அவள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டேன்ல? ரெண்டு பேரும் உள்ள போங்க."