லிட்டருக்கு நாலேகால்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. லோடு இறங்கக் காத்திருந்த டிரெய்லர் டிரைவர் ஒருவர், டயர் நிழலில் உட்கார்ந்து சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைப்பாதையில் அந்த லாரி களைத்த யானையைப் போல—

(தூக்கிப் போட்டேன். லாரி லாரியைப் போலத்தான் இருக்கும். மூட்டை தூக்கியவன் மகன் நான், எனக்கே புத்தி இப்படிப் போகிறது.)

2

சக டிரைவர்கள் அவரை 'நிதானம்' என்பார்கள். எல்லோரும் எண்பதில் விரட்ட, அவர் அறுபதைத் தாண்டமாட்டார். சீக்கிரமே டாப் கியருக்கு வந்துவிடுவார். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பச்சைக் கோட்டைவிட்டு ஏறாது. தூரத்தில் சிக்னல் சிவந்தால் இங்கேயே காலை எடுத்துவிடுவார். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடிய வண்டி நாலேகால் ஓடியது.

மேனேஜர் கைகுலுக்கினார். மறுநாள் சுவரில் தாள் ஒட்டினார்: இனி எல்லா வண்டிக்கும் நாலேகால். இரண்டு மாதம் குறைந்தால் வேலை இல்லை.

"சார், நான் ஓட்டுறது சமதரை. மலை ரூட்டுக்கு இது வராது."

"ஏறுனவன் இறங்காமலா போறான்? ஏத்தத்துல குடிச்சத இறக்கத்துல கக்கட்டும்."

(இந்த வசனம் நான் எழுதியதல்ல. இவ்வளவு நன்றாக எனக்கு வராது.)

3

மலை ரூட்டில் ஓடியவன் அவருடைய மைத்துனன்.

"மாமா, பேரு உங்களுக்கு, உதை எனக்கா? இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா மிச்சமாமே?"

"மடையா, கியர்ல வச்சுக் காலை எடுத்தாலே எஞ்சின் டீசல் கேக்காது. நியூட்ரல்லதான் குடிக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காது."

"எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க."

முதல் மாதம் குறைந்தது. இரண்டாம் மாதம் நியூட்ரலில் விட்டான். நாலாவது வளைவில் பிரேக்—

(இதற்கு மேல் எழுதவில்லை. இடுப்புக்குக் கீழே அவனுக்கு இனி அசையாது. அவ்வளவுதான்.)

4

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். 'மலை ரூட்டிலும் நாலேகால் வரும். நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.' கையெழுத்துப் போட்டால் தப்பு முழுக்க மைத்துனனுடையது, நஷ்டஈடு கிடையாது. போடாவிட்டால் நிதானத்துக்கு வேலை இல்லை.

முடிவு அ: தாளைக் கிழித்து எறிந்தார்.

(அவரிடமே படித்துக் காட்டினேன். சிரித்தார். "கிழிச்சா இன்னொண்ணு எடுப்பாரு. பிரிண்டர் பக்கத்துலதான இருக்கு.")

முடிவு ஆ: மனைவி குறுக்கே நின்றாள். "என் தம்பியா, உங்க வேலையா?"

(அவள் கேட்கவேயில்லை. இரண்டு வீட்டு உலையும் இனி அந்த ஒரு சம்பளத்தில்தான் கொதிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.)

5

"போட்டுட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் டயரில் ஒட்டிய கல்லை நோண்டினார். "நீங்க எழுதுறதுல மட்டும் போடலன்னு எழுதுங்க. அவன் படுத்த படுக்கையில கைக்குக் கெடைச்சதெல்லாம் படிக்கிறான். நான் சொன்னா நம்பமாட்டான். அச்சுல வந்தா நம்புவான்."

சரி என்றுதான் தலையாட்டினேன். எழுதும்போது கை வரவில்லை.

இது அவன் கைக்குப் போகுமுன் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 'போட்டுட்டேன்' முதல் இந்த வரிவரை அடித்துவிட்டு, 'போடல' என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். பேனா இருக்கிறதா?