தன்னை அளக்க மறந்தவர்

என் வீட்டுக்காரர் சமையலறை அலமாரி செய்கிறவர். சட்டை போடாமல்கூட வெளியே கிளம்பிவிடுவார், அளக்கிற டேப் இல்லாமல் கிளம்பமாட்டார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, வாசல் நிலை அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று என் அப்பாவிடம் சொல்லி முறைப்பை வாங்கிக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதர்தான் இந்தக் கார் விஷயத்தில் கோட்டை விட்டார்.

இத்தாலிக்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவருக்கு இருபது வயதிலிருந்தே பைத்தியம். பேர் போன வண்டிகளை வாங்க எங்களை வீட்டோடு சேர்த்து விற்றாலும் காணாது. ஆனால் அதே ஆட்கள் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு சின்ன வண்டி செய்தார்களாம். இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், கூரையைக் கழற்றி முன்பக்கப் பெட்டியில் வைத்துவிடலாம். ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மா ஒருவரிடம் நாற்பது வருடப் பழசாக அப்படி ஒன்று இருந்தது. விலையும் ஒரு பழைய குடும்பக் காரின் விலைதான். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டியா என்று நான் கேட்டது காற்றோடு போயிற்று.

டாக்டரம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருக்கிறார். மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். நீளம், அகலம், உயரம், கதவு திறக்கும் தூரம் என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டு வந்து, ஒரு வாரம் எங்கள் ஷெட்டை இடித்துக் கட்டினார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டிவந்து உள்ளே விட்டபோது உறை தைத்ததுபோல் பொருந்தியது. மகள்கள் இருவரும் கைதட்டினார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பது பேச்சுக்கு. ஆறடி மூன்று அங்குலத்தை அந்த வண்டி எதிர்பார்க்கவில்லை. முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. பிரேக்கை மிதித்தால் அதே ஷூ ஆக்சிலேட்டரையும் மிதித்தது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால் அங்கே எஞ்சின். ஷூவைக் கழற்றிப் பார்த்தார், மெத்தையை உருவிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஊரெல்லாம் அளந்தவர் தன்னை அளக்க மறந்துவிட்டார்.

இரண்டு நாள் நான் அவரைச் சும்மா விடவில்லை. தகர டப்பா என்றேன், உங்களைப் பாதியாக அறுத்தால் சரியாக இருக்கும் என்றேன். மூன்றாம் நாள் அவர் ஷெட்டில் ஸ்டூல் போட்டு, வண்டியைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். பாவமாக இருந்தது. இருபது வயது ஆசை, கைக்கு வந்தும் காலுக்கு எட்டவில்லை. அன்றே விளம்பரம் கொடுத்துவிட்டார். ஞாயிறு பத்து மணிக்கு ஒரு வக்கீல் வருவதாகப் பேச்சு.

ஞாயிறு காலை மெக்கானிக் போன் செய்தார். ஆறிப்போன எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது, அதைக் காட்டினால் மானம் போய்விடும், ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வையுங்கள், என்னால் வரமுடியாது என்றார். வீட்டில் லைசென்ஸ் இருக்கிற இன்னொரு ஆள் நான். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டில் உரசினேன். அதிலிருந்து நீ எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று அவரே ஓட்டினார். நானும் விட்டுவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தேன். நான் ஐந்தடிதான். கால் தானாகப் பெடலில் போய் நின்றது. தெருமுனையில் வண்டி ஒருமுறை அணைந்து மானத்தை வாங்கியது. பேக்கரியைத் தாண்டியதும் இரண்டாவது கியர் விழுந்தது, முதுகுக்குப் பின்னால் எஞ்சின் பாட ஆரம்பித்தது. வளைவில் நான் நினைத்த மாத்திரத்தில் வண்டி திரும்பியது. சிக்னலில் ஒரு லாரிக்காரர் குனிந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு சுற்றுக்குக் கிளம்பியவள் ஆற்றுப் பாலம்வரை போய்விட்டேன். தனியாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனேன். திரும்பும்போதுதான் நினைவு வந்தது. பத்து மணிக்கு மேல் இது நம்முடையது இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். வக்கீலும் அவரும் வாசலில் நின்றார்கள். வக்கீல் வண்டியைச் சுற்றி வந்தார். பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டார். நான் இறங்கவில்லை.

"இறங்கும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு வேணும்" என்றேன். தகர டப்பா என்று சொன்ன அதே வாய். காது மடல் சுட்டது.

வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். "வண்டி உங்களோடதுதானே சார்? நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கலைந்து நின்ற முடியை, ஸ்டீயரிங்கை விடாத கையை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். இந்த மனிதர் விட்டுக்கொடுக்கப்போவது காரை இல்லை, இருபது வயதிலிருந்து அவர் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த சீட்டை. அது எனக்குத் தெரியும்.

"ஓட்டுறவங்களோடதுதான் சார் வண்டி" என்றார். "விக்கிறதா வேணாமான்னு அவங்களையே கேளுங்க."

வக்கீல் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கைகுலுக்கிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் சுற்றிவந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். அங்கே ஸ்டீயரிங் இல்லை, பெடல் இல்லை. காலைக் கோணலாக மடக்கி எப்படியோ உள்ளே போய்விட்டார்.

"எங்கயாவது என்னைக் கூட்டிட்டுப் போயேன்" என்றார்.