நடுவில் சொன்னது

சலவைக்கடையின் ஜன்னலோரத்தில்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. வெளுக்க வரும் துணிகளில் ஜிப் போனது, பட்டன் உதிர்ந்தது, இடுப்பு இறுகியது எல்லாம் அவள் மேஜைக்கு வரும். புதுத்துணி தைப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பிரித்துத் திருத்துவதுதான் இப்போது தொழில். அன்றைக்கும் ஒரு கால்சட்டையின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டே வாய்க்குள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"அகூஹா, ஈலோ, க்ரெமயேரா."

கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்னக்கா, மந்திரமா?"

"ஊசி, நூல், ஜிப். ஸ்பானிஷ்ல."

"கைக்கு என்ன?"

"மானோ."

"கை மானோன்னா, கால் மயிலோவா?"

"உங்க வாய்க்குக் கொஞ்சம் இஸ்திரி போடுங்க தம்பி. ரொம்பச் சுருங்கிக் கிடக்கு."

அவர் சிரித்தார். ஆனால் அவள் எதற்காக இந்த வயதில் ஸ்பானிஷ் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேலியை அதற்குமேல் இழுக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகன். ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்தவன் என்பதால் வீட்டில் குச்சி என்றே பெயர். வேலைக்காகக் கடல் தாண்டிப் போனவன், ஸ்பானிஷ் பேசும் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான், பக்கத்தில் மருமகள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் தள்ளுவான், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் இழுப்பான். மருமகள் மூச்சுவிடாமல் பேசியதை "நல்லா இருக்காளாம்மா" என்று இரண்டு வார்த்தையில் முடிப்பான்.

"டேய், இவ்ளோ நேரம் பேசினா. நல்லா இருக்கேன்னு மட்டுமா சொன்னா?"

"மிச்சமெல்லாம் என்னைத் திட்டினதும்மா. அதை எதுக்குத் தமிழ்ல வேற கேட்டுக்கிட்டு."

போன வருஷம் ஒருநாள் காலை குச்சி தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுபோயிருந்தது. மகனை வழியனுப்பியதைக்கூட அவள் உள்ளங்கையளவு திரையில்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் மருமகள் ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை "அம்மா". இவளுக்குத் தெரிந்தது அவளுடைய பெயர். ஊமை கண்ட கனவை இன்னொரு ஊமைக்குச் சொன்ன கதைதான். அழுகிற வரைக்கும் அது போதுமானதாக இருந்தது, அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆனால் அழுகை ஓய்ந்த பிறகு என்ன பேசுவது?

போனிலேயே மொழிபெயர்க்கும் வசதியை வைத்தும் பார்த்தார்கள். "என் கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டியே" என்று இவள் சொன்னாள். போன் என்ன சொல்லித் தொலைத்ததோ, மருமகள் பதறிப்போய்த் தன் இரண்டு கண்களையும் தொட்டுக்காட்டி, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். அதோடு அந்த யந்திரத்தை இருவரும் ஒதுக்கிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த வீட்டில் நடுவே ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தாற்போல் இருந்தது.

அழைப்புகள் சுருங்கத் தொடங்கின. பார்ப்பது, சிரிப்பது, கையசைப்பது, வைப்பது. சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த போனை எடுத்து அவள் துடைத்து வைப்பாள். பிறகு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. அவளுக்குப் பயம் ஒன்றுதான். இந்த உலகத்தில் குச்சியை நினைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஜீவன் மருமகள். அவனுடைய கடைசிப் பத்து வருஷங்கள் அவள் கையில் இருக்கின்றன. இந்தப் பேச்சும் நின்றுபோனால், மகனைப் பற்றிப் பேச அவளுக்கு ஆளே கிடையாது. பாலம் இடிந்த பிறகு இரண்டு கரையும் எத்தனை நாள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்?

அதனால்தான் படிக்க ஆரம்பித்தாள். முதலில் போனில் படம் காட்டிக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள். லா மன்சானா எஸ் ரோஹா: ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது. சில மாதங்களில் ஆப்பிள், பூனை, மேஜை, நீலம், செவ்வாய்க்கிழமை எல்லாம் வந்துவிட்டன. ஒரு ஞாயிறு தைரியமாக, ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லியும் பார்த்தாள். மருமகள் கைதட்டினாள். அதோடு சரி. ஆப்பிள் சிவப்பு என்று சொல்வதற்காக யார் கடல் தாண்டிப் போன் போடுவார்கள்?

குறை எங்கே என்று தையல்காரிக்குப் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. தன்னிடம் இருப்பதெல்லாம் வெட்டிவைத்த துணித்துண்டுகள். கை இருக்கிறது, காலர் இருக்கிறது, பை இருக்கிறது, சட்டை மட்டும் இல்லை. சேர்ப்பதற்கு நூல் வேண்டும். பேச்சில் அந்த நூல் எது என்று யோசித்துப் பார்த்தால், படம் போட முடியாத வார்த்தைகள்தான்: இன்னும், அதுக்குள்ள, கிட்டத்தட்ட, பரவாயில்லை, இரு வர்றேன். வீட்டுக்குள் நாம் நாளெல்லாம் பேசுவது இவற்றைத்தான். பாடத்தில் இவை கடைசியில் வருகின்றன, வாழ்க்கையில் முதலில் வருகின்றன.

அவற்றுக்கு எங்கே போவது என்று இருந்தவளுக்கு விடை தன் போனிலேயே கிடைத்தது. குச்சி டைப் அடிக்கச் சோம்பேறி. எதையும் குரலில் பதிந்துதான் அனுப்புவான், அதுவும் வீட்டுக்குள் நடந்துகொண்டே. அவன் போன பிறகு அவற்றை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் வேறு காதால் கேட்டாள். "அம்மா, அந்த மாத்திரை போட்டியா" என்று ஆரம்பிப்பான். தூரத்து அறையிலிருந்து மருமகளின் குரல் ஏதோ கேட்கும். அவன் வாயைத் திருப்பிக்கொண்டு அவளுக்கு ஸ்பானிஷில் ஒரு பதில் எறிவான். அப்புறம் திரும்பி வந்து, "என்னம்மா சொல்லிட்டிருந்தேன்?"

அந்த நடுத்துண்டுகளை இத்தனை நாள் அவள் இரைச்சல் என்று தாண்டிப் போயிருந்தாள். இப்போது பார்த்தால், வேண்டிய நூல் முழுதும் அங்கேதான் சுற்றிக் கிடந்தது. யா வோய்: இதோ வர்றேன். டோன்டே எஸ்தான் லாஸ் யாவேஸ்: சாவியெல்லாம் எங்கே. அப்பாகா லா லூஸ்: லைட்டை அணை. அர்த்தத்தை மட்டும் போனிடம் கேட்டுக்கொண்டாள். "சே மே ஓல்விதோ" என்பதைப் பிரித்துப் பார்த்த அன்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் மறந்தேன் என்று அவர்கள் சொல்வதில்லை, நம்மைப்போலவே எனக்கு மறந்துபோச்சு என்கிறார்கள். தப்பை மறதியின் தலையில் கட்டுவதற்கு எந்த ஊரானாலும் ஒரே வழிதான் போலிருக்கிறது.

கற்கும் முறையும் தொழிலிலிருந்துதான். கோட்டுக்குக் கை வைக்கும்போது யாரும் நேராக மெஷினில் ஓட்டமாட்டார்கள். முதலில் நீள நீளமாகக் கச்சாத் தையல் போட்டு, உடுத்திப் பார்த்து, இழுக்கிற இடத்தைத் தளர்த்தி, அதன் பிறகுதான் கெட்டித் தையல். அவளும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, தப்பானாலும் பரவாயில்லை என்று நாள் முழுக்க அதையே உடுத்திப் பார்ப்பாள். குழாயை மூடும்போது, விளக்கை அணைக்கும்போது, செருப்பைத் தேடும்போது. கை செய்கிற வேலையோடு வார்த்தையைச் சேர்த்துத் தைத்துவிட்டால், பிறகு கையே வார்த்தையை எடுத்துக் கொடுக்கும். யாருமில்லாத வீட்டில் "லைட்டை அணை" என்று தனக்குத்தானே ஸ்பானிஷில் கட்டளையிட்டுத் தானே அணைப்பாள். இருட்டு இரு மொழியிலும் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் அடிக்கடி வந்தது ஒன்று. மருமகள் எதையாவது செய்யத் திணறுவாள் போலிருக்கிறது. ஏதோ உருளும், விழும். உடனே குச்சி, "தேஹாலோ, யோ லோ ஆகோ" என்பான். விடு, நான் பண்றேன். அந்த "தேஹாலோ"வில் ஒரு இழுப்பு உண்டு, பாதி அலுப்பு, பாதி செல்லம். இவளும் அதே இழுப்போடுதான் படித்தாள். வேறு விதமாகச் சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு மருமகளின் அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறுதான் வந்தது. அவளுக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. வழக்கமாகத் தெரியும் கல்யாணப் படம் இல்லை. தரையெங்கும் அட்டைப்பெட்டிகள். போனை எங்கோ சாய்த்துவைத்துவிட்டு, ஒரு பெட்டியின் வாயை மூடப் பார்த்துக்கொண்டே மருமகள் பேசினாள், இவளுக்குப் புரியாது என்ற நினைப்பில் வேகமாக. காசா, பெகேன்யா, சோலா. வீடு, சின்னது, தனியாக. முதல் தடவையாக இவளுக்கு நூல் கிடைத்தது. அந்த வீட்டைக் காலி செய்கிறாள். தனியாள் என்பதால் சின்ன வீடு பார்த்துவிட்டாள்.

டேப் ஒட்டவில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் திமிறிக்கொண்டு எழுந்தன. மருமகள் முழங்காலால் அழுத்தினாள், டேப் சுருண்டு அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த இவள் கை தானாக நீண்டது. கையே வார்த்தையை எடுத்துக் கொடுத்தது.

"தேஹாலோ. யோ லோ ஆகோ."

மருமகள் அப்படியே நின்றாள். மெல்லத் திரும்பினாள். திரையைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் எங்கோ, கதவு இருக்கும் இடம் போலிருக்கிறது, அங்கே பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு போனை நோக்கி வந்தாள். அழைப்பு அறுந்தது.

இவள் திரும்பக் கூப்பிட்டாள். மருமகள் எடுக்கவில்லை.

மறுநாள் கடையில் ஊசி அவள் விரலை இரண்டு தடவை குத்தியது.

"என்னக்கா, இன்னிக்கு மந்திரத்தைக் காணோம்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் மடித்த சட்டையை மறுபடி மடித்தார். "தப்பா ஏதும் சொல்லலையேக்கா. விடு, நான் பண்றேன். நல்ல வார்த்தைதானே."

"எப்படிப் பண்ணுவேன்? இங்க உக்காந்துக்கிட்டு அங்க இருக்கற பெட்டிக்கு டேப் ஒட்டுவேனா? பண்ண முடியாதவ பண்றேன்னு சொன்னா, கேக்கறவளுக்கு எரியாதா?" ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, "அதுவும் இல்ல தம்பி. அது அவளுக்கு அவன் சொன்னது. புருஷன் பொண்டாட்டிக்குச் சொன்னதை நான் போய்ப் பொறுக்கி எடுத்து என் வாயில வச்சுக்கிட்டேன். அவ வீட்டுக்குள்ள கேக்காம நுழைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியை ஓரமாக வைத்தார். தானே போய் டீ வாங்கிவந்தார்.

ஞாயிறு வந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். வழக்கமான நேரம் வந்து, கடந்து, போயிற்று. எழுந்து விளக்கை அணைக்கும்போது அந்த ஸ்பானிஷ் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் எந்த வார்த்தையையும் உடுத்திப் பார்க்கவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. தனியாகப் பேசிக்கொள்வதும் ஒருவிதத் துணைதான் என்பது நிறுத்திய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாரத்தின் நடுவில், கடையில் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் துடித்தது. அழைப்பு இல்லை. மருமகளிடமிருந்து ஒரு குரல் செய்தி. அவள் இதுவரை குரல் அனுப்பியதே கிடையாது.

முதலில் காலடிச் சத்தம். வெற்று அறையில் நடப்பது போன்ற எதிரொலி. பிறகு மருமகளின் குரல், நிறுத்தி நிறுத்தி, இவளுக்காக ஒவ்வொரு வார்த்தையாகத் தரையில் வைத்து. புது வீடு. சின்னது. ஜன்னல் இருக்கிறது. சாவியைத் தொலைத்துவிட்டேன், எனக்கு மறந்துபோச்சு. ஏதோ ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்து வைக்கும் சத்தம். அதன் பிறகு, அடிக்குரலில், வேகமாக, பழகிய அலட்சியத்தோடு:

"சரிம்மா, வச்சிடறேன். சாப்டுட்டுத் தூங்கு. நோண்டிட்டே இருக்காத."

எழுத்துக்கு எழுத்து அது குச்சி. ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்கும்போது அவன் சொல்வது. "நோண்டிட்டே" என்பதை மருமகள் எப்படி உருட்டியிருந்தாளோ, எத்தனை நாள் உருட்டினாளோ, அதன் அர்த்தமாவது தெரியுமோ தெரியாதோ. அவன் இவளிடம் பேசியபோதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அல்லவா.

தையல்காரி செய்தியை மறுபடி போட்டாள். கடைக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கியபடி நின்று கேட்டார்.

"அக்கா, இது..."

"ஆமா."

அவர் துணிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்தாள். கோட்டை மடியில் வைத்தபடியே பதிவுப் பொத்தானை அழுத்தினாள். மருமகள் பேசியதைப்போலவே மெதுவாக ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். நான் கடையில் இருக்கிறேன். ஒரு கோட்டு. கருப்பு. கை பெரியது, சின்னதாக்குகிறேன். கிட்டத்தட்ட முடிந்தது. ஊசி பிடித்த கை அசைய அசைய வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. வாசலில் யாரோ வந்து குரல் கொடுத்தார்கள். கடைக்காரர், பதிவு நடப்பதை மறந்து, "அக்கா, அந்தச் சிவப்புச் சட்டை பட்டன் என்னாச்சு? நானே வச்சுரட்டுமா?" என்றார்.

"ஐயையோ, விடுங்க, நான் பண்றேன். போன தடவை நீங்க வச்ச பட்டன் தொப்புள்ல இருந்துச்சு" என்று தலையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, போனுக்கு வந்தாள். என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

பதிவை நிறுத்தினாள். தப்பு விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடி போடுவதுதான் அவள் வழக்கம். அழிக்கும் பொத்தான்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு நடுவில் இருந்ததையும் சேர்த்து அப்படியே அனுப்பிவிட்டு, சிவப்புச் சட்டையை எடுத்தாள்.