மீன் பிடிக்கப் போகிறவரின் விசாக் கடிதம்

1

இந்தக் கதை முதலில் ஒரு விசாக் கடிதமாக இருந்தது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பர்மாவில், யாங்கோன் நகரின் லத்தா பகுதியில், என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே குடியிருக்கும் சிவநாதன் அண்ணனுக்காக இரண்டு மாதத்துக்கு முன் அதை எழுதினேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் அனு, கனடாவில் கல்கரியில் இருக்கிறாள். செப்டம்பரில் அப்பா அம்மாவை வரவழைத்து, பத்து நாள் காரிலேயே ராக்கி மலையைச் சுற்றிக் காட்டுவது அவள் திட்டம்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘மகளைப் பார்க்க’ என்று எழுதியிருந்தேன்.

“அதை அடிச்சிடுங்க சயாமா,” என்றார். (ட்யூஷன் டீச்சர் என்பதால் கட்டடமே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.) “மீன் பிடிக்கன்னு எழுதுங்க.”

“மீன் பிடிக்கவா இவ்வளவு தூரம் வர்றீங்கன்னு கேப்பாங்கண்ணே.”

“கேக்கட்டும். உண்மையச் சொல்றதுக்கு என்ன?”

மூன்று முறை திருத்தினேன். மூன்றாவது திருத்தத்தில் தூதரகத்துக்குத் தேவையில்லாத விஷயங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். அதைத்தான் இப்போது படிக்கிறீர்கள்.

2

தொடக்கம் அமையவில்லை.

‘கல்கரியின் போ ஆற்றில், பனிக்குளிர்ந்த நீரில் சிவநாதன் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தபோது, மலைகளின் மேல்…’

வேண்டாம். அந்த ஆற்றை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

‘சிவநாதன் தன் மருமகனோடு மூன்று வருடம் பேசவில்லை.’

இது உண்மை. ஆனால் இவ்வளவு சிரிக்கிற மனிதரை முகம் திருப்பிக்கொண்ட கோலத்தில் அறிமுகப்படுத்த மனம் வரவில்லை. இருந்தாலும் அதைச் சொல்லாமல் கதை நகராது. மருமகன் நிஹால் இலங்கைக்காரன், சிங்களப் பையன். கல்கரியில் பதிவுத் திருமணம் முடித்த பிறகுதான் அனு வீட்டுக்குப் போன் செய்தாள். “யாரக் கட்டினாலும் பரவால்ல. முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?” என்று ஒரே ஒரு முறை கேட்டார் சிவநாதன். அதன் பிறகு போன் திரையில் நிஹாலின் முகம் வந்தால், போனை மனைவி தனபாக்கியத்திடம் நீட்டிவிட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளிலும் போய்ப் பார்ப்பார்.

3

போன டிசம்பரில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் கையில் நிஹால் ஒரு நீளக் குழாயும் ஒரு தகர டப்பாவும் கொடுத்தனுப்பினான். குழாயில் நான்கு துண்டாகக் கழற்றிய தூண்டில் கழி. டப்பாவில் அவனே கட்டிய ஈக்கள்: சின்ன முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, நிஜப் பூச்சி போலவே செய்தவை. ஈயக்குண்டு கிடையாது, புழு கிடையாது. கழியை முன்னும் பின்னும் வீசி, நூலின் கனத்தாலேயே ஈயைத் தண்ணீரில் பூப்போல இறக்க வேண்டும்.

இரண்டு நாள் சிவநாதன் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

“கொசுவுக்குக் காலு கூட வச்சிருக்கான்,” என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

அப்புறம் பயணத் திட்டம் அவர் கைக்குப் போனது. அனு அனுப்பிய பட்டியலில் ஏரி, பனிப்பாறை, அருவி என்று இருந்தது. பஸ் டிரைவர் அதைப் புறப்படும் நேரமாகவும் சேரும் நேரமாகவும் மாற்றி எழுதினார். ஆறு வரும் இடத்திலெல்லாம் இரண்டு மணி நேர நிறுத்தம். தனபாக்கியம் அக்கா தன் பட்டியலில் ஙப்பியை, ஊரைத் தூக்கும் வாடையுள்ள பர்மிய மீன் விழுதை, முதலில் எழுதினார்.

“ஙப்பி டப்பா திறந்துச்சுன்னா பிளேனைப் பாதியில இறக்கிடுவான்,” என்றார் சிவநாதன்.

“அப்ப அங்க பத்து நாள் நான் எதைத் தொட்டுச் சாப்பிடறது?”

“அதான் மீன் பிடிக்கப் போறேன்ல?”

அப்போதுதான் போனில் அனு அந்தச் செய்தியைச் சொன்னாள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

“விட்டுடணுமா! அப்பப் பிடிப்பானேன்?”

“ஏங்க, பொறந்தநாளுக்குப் பசார்ல உயிர் மீன் வாங்கி ஆத்துல விடறோமே, அது மட்டும் என்ன?”

“அது விடறதுக்காக வாங்கறது.”

“இது விடறதுக்காகப் பிடிக்கறது.”

[இந்த உரையாடலில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் சிவநாதனுக்கு ஒரு பதில் கொடுத்திருப்பேன்.]

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று வருடக் கோபத்தை ஒரு டப்பா பொய் ஈ கரைத்துவிடுமா? வாசகர் நம்புவாரா? மனம் மாறுவதற்காக ஒரு முழுக் காட்சி எழுதினேன். மழை பெய்கிறது, அவர் ஜன்னலோரம்…

படிக்கப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மேலே ஏறிப் போய் நேரடியாகவே கேட்டேன்.

“கோவம் போயி ஒரு வருஷமாச்சு சயாமா,” என்றார். “எங்கேருந்து பேச ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.”

இறங்கி வந்து அந்த மழையை அடித்துவிட்டேன்.

5

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் பண்டிகை முடிந்த ஞாயிறு காலை நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

படகேறி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போனோம். சிவநாதனின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சின்னத்தம்பிக்கு அங்கே ஒரு மீன்குளம் உண்டு. கரையில் நின்று சிவநாதன் கழியைப் பூட்டி வீசினார். முதல் வீச்சில் ஈ அவர் லுங்கியின் பின்புறத்தில் மாட்டியது. இரண்டாவது வாழையிலையில். மூன்றாவது வீச்சு தனபாக்கியம் அக்காவின் குடையைப் பறித்தது.

“அண்ணே, இன்னிக்கு இதுவரைக்கும் மூணு!” என்று கத்தினார் சின்னத்தம்பி.

குடையை மீட்ட கையோடு அக்கா அனுவை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பின்னாலிருந்து நிஹால் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவள் தமிழில் சொன்னாள். “அப்பா, பின்னாடி வீசினதும் கொஞ்சம் நிறுத்தணுமாம். நூல் முழுசா நீளட்டுமாம்.” அடுத்த நிமிடம், “அடுப்புல ஏதோ தீயுது,” என்று போனை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள். (அடுப்பில் ஒன்றுமே இல்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

திரையில் நிஹாலின் முகம் மட்டும் இருந்தது. டாலாவில் தண்ணீர்த் தொட்டி கிடையாது.

அவனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். “மெதுவா,” என்றான். பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “மெதுவா, மாமா.”

சிவநாதன் குளத்தைப் பார்த்தபடியே நின்றார். கழியைப் பின்னால் கொண்டுபோனார். நிறுத்தினார். அவர் தலைக்கு மேலே நூல் முழுசாக நீண்டது.

“இப்படியா மாப்பிள்ளை?”

அவன் பதில் சொல்வதற்குள் கழி முன்னால் வந்துவிட்டது. நூல் சுருண்டு விரிந்து, ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. போனுக்குள் ஒரு பெரிய கூச்சல். சின்னத்தம்பி கை தட்டினார். தனபாக்கியம் அக்கா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிவநாதன் திரும்பி வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பேட்டரி தீரும்வரை தரவில்லை.

[ஒரு வரைவில் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கெண்டை கடித்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். “கடிக்கவே இல்லையே! கடிச்சிருந்தா நான் விட்டிருப்பேனா? கொழம்புல்ல வச்சிருப்பேன்,” என்றார். கெண்டையை நீக்கிவிட்டேன்.]

6

விசாவுக்காக அவர்கள் கைரேகை கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.

விசா கிடைத்து விமானம் ஏறும் முடிவை எழுதினேன். பொய்யாகப் பட்டது. கிடைக்காமல் போகும் முடிவை எழுத உட்கார்ந்தேன், மேலே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பேனாவை மூடிவிட்டேன். அந்த முடிவு என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

அவர்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஞாயிறு தவறாமல் கல்கரிக்கும் லத்தாவுக்கும் சண்டை நடக்கிறது. இன்னும் வாடகைக்கு எடுக்காத காரில் முன் இருக்கை யாருக்கு? நிஹால் ஓட்டுகிறான், அதில் தகராறு இல்லை. பின்னால் உட்கார்ந்தால் தனபாக்கியம் அக்காவுக்குத் தலை சுற்றும். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய சிவநாதன் எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. “வழி பார்த்துச் சொல்ல நான்தான் முன்னாடி வேணும்,” என்கிறாள் அனு. மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மற்ற இருவர் என்னைச் சும்மா விடவில்லை.

ஆகவே இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கதவு திறந்திருக்கிறது, ஒருவரை முன்னால் ஏற்றுங்கள். யாரை ஏற்றினாலும், மலை முழுக்க மற்ற இருவரும் உங்களைத் திட்டிக்கொண்டே வருவார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.