எனர்ஜி டாலரும் என் பேட்ஜும்

எக்ஸ்ரே அறையில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்மல், சங்கிலி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி அதட்டுவேன். பெண்கள் வந்தால், "விசேஷம் ஏதாவது உண்டா? வெக்கப்படாம சொல்லும்மா" என்று கேட்காமல் பட்டனைத் தொட்டதே இல்லை. அப்பேர்ப்பட்ட மகாராணி நான்.

எங்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்க, சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். இந்த முறை சோதனைக்கு அனுப்பியபோது என் பேட்ஜில் மட்டும் அளவு எகிறியிருந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து மெஷினைச் சோதித்தார், சுவரைச் சோதித்தார். கடைசியில் அவர் கையிலிருந்த மீட்டர் என் சட்டைப்பை அருகே வந்ததும் கடகடவென்று கத்தியது. உள்ளே கிடந்தது என் கறுப்பு டாலர். உடம்பு வலி போகும், தூக்கம் வரும் என்று விற்கிறார்களே, அந்த 'எனர்ஜி' டாலர். வேலை நேரத்தில் நகை கூடாது என்று கழற்றி, பேட்ஜுக்குப் பின்னாலேயே போட்டு வைத்திருக்கிறேன்!

"இதுல தோரியம்னு கதிர்வீச்சு வர்ற பொடி கலந்திருக்கும்மா. கொஞ்சம்தான். ஆனா ராப்பகலா உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார்.

ஜோடியாக வாங்கியதில் இன்னொன்றைத் தங்கைக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். இடுப்பு வலி என்றவளிடம், வயிற்றில் படுகிற மாதிரி கட்டிக்கொள் என்று யோசனை சொன்ன புண்ணியவதியும் நானே.

அன்றே ஓடியிருக்க வேண்டும். போனை எடுப்பேன், வைப்பேன். 'எங்க அக்கா எக்ஸ்ரேல இருக்கா' என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? சனியன் பிடித்த கௌரவம்! ஒரு வாரம் போய்விட்டது.

இன்று போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து டாலரை எடுத்தாள். வயிற்றில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"மாமியார் கூட கழட்டிப் போடுன்னாங்க. எங்க அக்காவுக்குத் தெரியாததான்னு சண்டை போட்டேன்" என்று சிரித்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்டி. பயப்படற அளவுக்கு இல்லையாம்" என்றேன் அவசரமாக.

"எப்பக் கேட்ட?"

"போன வாரம்."

சிரிப்பு நின்றது. டாலரை மேசையில் வைத்தாள். "அப்ப இந்த ஒரு வாரமும் தெரிஞ்சேதான் என் புள்ள மேல இத விட்டு வச்சியாக்கா?" என்றாள்.